விசில் ஊதாத மணல்

புன்னைத்துறைக் கடற்கரையில் யாரும் விசில் ஊதக் கூடாது.

அங்கே விசிலுக்கு ஒரே அர்த்தம்தான். கரைக்கு வருகிற வள்ளம் அலையில் கவிழ்ந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். முன்பொரு திருவிழா ஆட்டத்தில் வெளியூர் நடுவர் ஒருவர் விவரம் தெரியாமல் பெனால்டிக்கு விசில் ஊதிவிட்டார். அரிசி களைந்த கையோடு பெண்கள் வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். கடலுக்குப் போயிருந்தவர்களின் பெயர்களையெல்லாம் கூப்பிட்டு அழுதார்கள். பந்து அதுபாட்டுக்குப் பெனால்டிப் புள்ளியில் உட்கார்ந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் யாரும் நடுவரை அடிக்கவில்லை. ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த மணலில் நடுவரே கிடையாது. விசில் இல்லாத நடுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் கால்பந்து இல்லாமல் அந்த ஊருக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. தவறு செய்தவர் தானே கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கையைப் பார்த்ததும் ஆட்டம் நிற்கும். பந்து எதிரணிக்குப் போகும். அவ்வளவுதான். அடுத்தவரைக் காட்டி 'ஃபவுல்' என்று கத்தக் கூடாது. கத்தினால், கத்தியவர்தான் கோட்டுக்கு வெளியே போய் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அடுத்த கோல் விழும்வரை.

"கை தூக்காம ஏமாத்தினா என்ன செய்வீங்க?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

"ஏமாத்திட்டு இந்த ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிட்டு மீன் வாங்கப் போவான்?" என்பார்கள் உள்ளூர்க்காரர்கள்.

இந்த வழக்கத்தை இம்மியும் பிசகாமல் காத்தவர் ததேயுஸ் மாஸ்டர். ஐஸ் பேக்டரியில் வேலை. வேலை விட்டதும் மணல். ஊர் அணி அவர் கையில்தான் அணியாயிற்று. பெண் பிள்ளைகளையும் மணலில் இறக்கியவர் அவர்தான். பெரிய மனிதர்கள் கூடி, பொட்டப் பிள்ளைகள் பந்து விளையாடலாமா என்று கேட்டபோது, "பந்துகிட்ட கேட்டேன், அதுக்கு ஆட்சேபணை இல்லியாம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனார்.

(அதே பெரிய மனிதர்கள், பின்னால் பெண்கள் அணி கோப்பை கொண்டுவந்தபோது, கோப்பையைத் தாங்கள் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது வேறு கதை. ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.)

மாஸ்டரின் முதல் சிஷ்யை டெல்பின். இடது ஓரத்தில் ஓடுவாள். ஓடிக்கொண்டே வாதாடுவாள். "பந்து உனக்க காலை விட்டுப் போனாலும் பேச்சு உனக்க வாயை விட்டுப் போகாது" என்பார் மாஸ்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

அப்படியிருக்க ஒருநாள் சென்னையிலிருந்து கிரவுன் ஹார்பர் என்ற பணக்காரக் கிளப் மாஸ்டரை அழைத்தது. மாஸ்டர் சரி என்றார்.

தேவாலயப் பங்கு மண்டபத்தில் வழியனுப்பு விழா நடந்தது. மாலை, சால்வை, கேசரி. எல்லாரும் நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். கடைசியில் டெல்பின் மைக்கைப் பிடித்தாள். நல்லதாக நாலு வார்த்தை அவளிடம் இல்லை. விரலை நேரே மாஸ்டரை நோக்கி நீட்டினாள்.

"மாஸ்டர் இந்த ஊருக்குச் செஞ்சது ஃபவுல்!"

மண்டபம் ஒரு நொடி திகைத்தது. பிறகு கைதட்டியது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தியவர் வெளியே போக வேண்டும் என்ற விதியை அவர் ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. கேசரிகூடச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறினார். டெல்பின் அவரைப் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்து, அவரைப் பார்ப்பதற்காகவே மீன் ஏலக்கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். பஸ் புறப்பட்டது. சிலுவை நிற்கும் குருசடி வளைவில் திரும்பும்போது ஜன்னலிலிருந்து மாஸ்டரின் கை வெளியே வந்தது.

டாட்டா!

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனதைக்கூட மன்னித்திருப்பாள். அந்த டாட்டாவை மன்னிக்க முடியவில்லை. "ஊரையே ரெண்டாப் பொளந்து போட்டுட்டு, கல்யாணத்துக்கு வந்துட்டுப் போற விருந்தாளி மாதிரி டாட்டா காட்டிட்டுப் போறாரு மனுஷன்" என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

கோபத்தைச் சும்மா வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. பெண்கள் அணியைத் தானே எடுத்துக்கொண்டாள். பயிற்சியாளர் ஆனாள். மாநிலக் கோப்பை வந்தது. இறுதி ஆட்டத்தில் அவளுடைய பிள்ளைகள், நடுவர் பார்க்காத தவறுகளுக்கெல்லாம் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் நடுவர் தலையைச் சொறிந்தார். பேப்பர்களில் அந்தப் படம்தான் வந்தது. கோப்பையின் படத்துக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

படத்தைப் பார்த்துவிட்டு ஓர் அழைப்பு வந்தது. அதே கிரவுன் ஹார்பர். பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு சம்பளம். பச்சைப் புல் மைதானம். காலில் அடிபட்டால் பார்க்க மருத்துவர். டெல்பினின் பிள்ளைகள் சுளுக்குக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறவர்கள்.

திருவிழா முடிந்ததும் பதில் சொல்வதாக அவள் சொன்னாள். ஊருக்குச் செய்தி எப்படியோ தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை.

"நம்ம டெல்பின் போக மாட்டா" என்றார் டீக்கடைக்காரர். "அவ என்ன ததேயுஸா?"

"அன்னைக்கு மண்டபத்துல என்னா பேச்சு பேசினா! அவளா போவா?" என்றாள் மீன் விற்கிற அக்கா பக்கத்தில் நின்றவர்களிடம், கூடுதலாக இரண்டு சாளையை டெல்பினின் பையில் போட்டுக்கொண்டே.

எல்லாரும் பிரியமாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு பிரியமும் ஒரு ஆணியாக இறங்கியது. அவள் வாயால் சொன்னதைக் கொண்டே அவளைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

டெல்பின் தனக்குள் வாதாடினாள். போகலாம் என்ற கட்சிக்கும் அவளே பேசினாள், கூடாது என்ற கட்சிக்கும் அவளே பேசினாள். இரண்டிலும் ஜெயித்தாள். தூக்கம் மட்டும் தோற்றது.

மாஸ்டர் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவார். தேர் இழுக்கும் நாளில் நடக்கும் ஆட்டத்துக்கு மணலில் கோடு போடுவார். அந்த ஒரு வேலையை மட்டும் ஊர் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. கோடு போட்டுவிட்டுக் கரையேற்றி வைத்த வள்ளங்களின் ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். அவர் இருக்கும் பக்கம் டெல்பின் போக மாட்டாள்.

இந்தத் திருவிழாவுக்குப் போனாள்.

மத்தியான வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் உடைந்த துடுப்பு ஒன்றை மணலில் இழுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மேலே கிளப்பின் விலை உயர்ந்த பனியன். கீழே மடித்துக் கட்டிய பழைய கைலி.

"வந்தியா மக்ளே" என்றார், நேற்று மாலை பேசிவிட்டுப் போனவளிடம் சொல்வதுபோல.

டெல்பின் முதல் வாக்கியத்தைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அந்த 'மக்ளே' அதைக் கலைத்துவிட்டது.

"நான் ஒண்ணும் சமாதானம் பேச வரல" என்றாள்.

"சரி, சண்டைதானே. அந்தக் கயித்தப் பிடி. கோடு கோணுது."

சண்டைக்கு வந்தவள் கயிற்றைப் பிடித்தாள்.

"உங்க கிளப்ல என்னைக் கூப்பிடுறாங்க."

"கேள்விப்பட்டேன்."

"போகலாமா, கூடாதா?"

"நீ ரெண்டு பக்கமும் பேசிப் பார்த்திருப்பியே. எனக்கும் சொல்லு. கயித்த இழுத்துப் பிடிச்சிட்டுச் சொல்லு."

அவள் சொன்னாள். போகக் கூடாது: ஊர் வளர்த்த ஆளை ஊருக்கு வெளியே விற்பதுதான் வளர்ச்சியா? பணம் இருக்கிறவன் விளைந்ததையெல்லாம் அறுத்துக்கொண்டு போனால், விதைக்கிற ஊருக்கு என்ன மிஞ்சும்? போகலாம்: ஊருக்காக இரு, இரு என்று பெண்களிடம்தானே எல்லாரும் சொல்கிறார்கள்? வள்ளம் வாங்க வளைகுடாவுக்குப் போகிறவனை யாராவது துரோகி என்கிறார்களா? போகக் கூடாது: தன்னை நம்பியிருக்கிற பிள்ளைகள். போகலாம்: மணலில் ஓடும் காலுக்குப் புல்லில் என்ன ஆகும் என்று அங்கே போனால்தானே தெரியும்?

மூச்சு வாங்க நிறுத்தினாள். மாஸ்டர் பெனால்டிப் பெட்டியின் மூலைக்கு வந்திருந்தார்.

"முடிஞ்சா?"

"இப்போதைக்கு."

"நான் அவங்ககிட்ட, டெல்பின் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர்.

கயிறு கீழே விழுந்தது.

"என்னது?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"நீங்க யாரு அதைச் சொல்ல?" டெல்பினின் குரல் வள்ளங்களைத் தாண்டிப் போனது. "நீங்க விட்டுட்டுப் போன பிள்ளைகளை இழுத்துக் கட்டிக் கப்பு வரைக்கும் கொண்டுபோனது யாரு? மழையில, வெயில்ல, பூட்ஸுக்கு வழியில்லாம வெறுங்கால்ல ஓடவச்சுக் கத்துக் கொடுத்தது யாரு? எனக்கு என்ன குறை? அந்த வேலைக்கு என்னைவிட்டா வேற யாரு இருக்கா? எனக்க வேலைய வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு மாஸ்டர்?"

எனக்க வேலை.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

மாஸ்டர் குனிந்து கயிற்றின் முனையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அவங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கல மக்ளே. நான்தான் உங்கிட்ட கேட்டுப் பார்த்தேன்."

டெல்பினுக்கு முகம் சூடாயிற்று. கயிற்றைத் தேவைக்கு மேல் இறுக்கி இழுத்தாள்.

"இது கள்ள ஆட்டம்" என்றாள்.

"ஆமா. ஆனா நல்ல பாஸ்."

"நீங்க காசுக்குத்தானே போனீங்க?"

"காசுக்கும்தான்."

இல்லை என்று அவர் மறுப்பார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். மறுக்கவில்லை.

"வேற எதுக்கு?"

"புல்லுக்கு. பந்து புல்லுல எப்படி உருளும்னு பார்க்கணும்னு ஒரு ஆசை. இங்க மணல்ல பந்து நம்மகூட நடந்துதானே வரும்."

"உருளுதா?"

"போட்டது போட்ட இடத்துக்குப் போவுது. முதல் வாரம் பயந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் பாதி வழக்கு போய்விடும்.

இதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பக்கத்து ஊர் அணியும் வந்து ஓரமாக உட்கார்ந்து காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் பெனிலா. டெல்பினின் கோல்கீப்பர். உயரம், கட்டைக் குரல், யாருக்கும் அடங்காத வாய். மாஸ்டரும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன அக்கா, உலக அதிசயமா இருக்கு?"

"ஒரு பந்தைக் கொடு" என்றார் மாஸ்டர். "எனக்கும் உனக்க அக்காவுக்கும் பேச்சு முடியல. மிச்சத்தக் காலால பேசிக்கிடுறோம்."

"அக்கா, பார்த்து! மாஸ்டருக்கு கிளப் சாப்பாடு முன்பக்கமாத் தெரியுது. இடிச்சா நீங்க கடல்லதான் போய் விழணும்!"

"நாக்குக்கும் ஒரு கையுறை வாங்கிப் போடு பிள்ளே" என்றார் மாஸ்டர்.

இரண்டு செருப்புகளை வைத்து ஒரு கோல் ஆக்கினார்கள். மாஸ்டர் அதைக் காத்து நின்றார். டெல்பின் பந்தைக் காலில் எடுத்தாள். மணல் இளகியிருந்தது. வலது பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து, இடது பக்கம் வெட்டினாள். அந்த வெட்டைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்திருந்தும் அவர் உடம்பு திரும்ப மறுத்தது. அவள் தாண்டிவிட்டாள். கோல் எதிரே திறந்து கிடந்தது.

பின்னாலிருந்து அவர் கால் அவள் கணுக்காலில் மாட்டியது.

டெல்பின் முகம் குப்புற விழுந்தாள். கண்ணில் மணல், வாயில் மணல். எழும்பக்கூட இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டே விரலைப் பின்பக்கம் நீட்டினாள்.

"ஃபவுல்! ஃபவுல் மாஸ்டர்! பச்சையான ஃபவுல்!"

பெனிலாவின் கட்டைச் சிரிப்புதான் கேட்டது.

"அக்கா, கண்ணத் தொறந்து பாருங்க."

டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

மாஸ்டர் கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். அசையாத கை.

"எப்பத் தூக்கினாரு?"

"நீங்க விழுறதுக்கு முன்னாலேயே தூக்கிட்டாரு அக்கா. நீங்கதான் பார்க்காம கத்துறீங்க."

"கத்தினவங்க எங்க போகணும்?" என்று மாஸ்டர் பொதுவாகக் கேட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வள்ளங்களின் பக்கம் கையைக் காட்டினார்கள். அக்காவை வெளியே அனுப்பக் கிடைத்த வாய்ப்பை ஒருத்திகூட விடவில்லை.

டெல்பின் மணலைத் தட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

"அப்ப மேட்ச்?" என்றாள் சின்னவள் ஒருத்தி. "அக்கா இல்லாம யாரு சொல்லுவா?"

"இருக்கிறவங்க சொல்லுங்க" என்றார் மாஸ்டர். அவரும் வந்து டெல்பினின் பக்கத்தில், வள்ளத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வெளிய உட்கார விதி இல்லியே" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

"எனக்கு எப்பவும் இதுதானே இடம்."

ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் பழக்கத்தில் டெல்பினின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், விதி ஞாபகம் வந்து மூடினாள். தொண்டைக்குள் பத்துக் கட்டளைகள் முட்டிக்கொண்டு நின்றன.

மாஸ்டர் ஒரு சிப்பியை எடுத்து மணலைக் கீறிக்கொண்டிருந்தார்.

"எனக்க கையை நீ பார்க்காம விடுறது இது ரெண்டாவது தடவ" என்றார்.

"முதல் தடவ எப்ப?"

"நான் பஸ்ஸுல போன அன்னைக்கு."

டெல்பின் வெடுக்கென்று திரும்பினாள். "பார்த்தேனே! அதை மறப்பேனா? டாட்டா காட்டிட்டுப் போனீங்க!"

சொன்ன பிறகுதான், தான் அங்கே நின்றதை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று தோன்றியது.

"தூணுக்குப் பின்னால நின்னா தெரியாதுன்னு நெனச்சியோ?" என்றார் மாஸ்டர். "உனக்க சைக்கிள் தூணுக்கு வெளியதானே நின்னுது."

"பேச்ச மாத்தாதீங்க. டாட்டா காட்டினீங்களா, இல்லியா?"

"டாட்டா காட்ட நான் என்ன ஊட்டிக்கா போனேன்?"

டெல்பின் வாயைத் திறந்தாள். எத்தனை பேரிடம் சொன்ன கதை அது. இப்போது அந்தக் கதையை நிறுத்திவிட்டு, அந்தக் கையை மட்டும் பார்த்தாள். பஸ்ஸின் ஜன்னல். முழங்கை வரை வெளியே வந்த கை. விரித்த உள்ளங்கை.

டாட்டா என்றால் கை ஆடும்.

அது ஆடவில்லை. குருசடி வளைவு தாண்டி மறையும்வரை அது ஆடவே இல்லை.

டெல்பின் குருசடி வளைவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"மண்டபத்துலேயே தூக்கியிருக்கலாமே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அங்க உனக்க விரல் நீண்டு நின்னுது. அதுக்கு எதிர்ல நின்னு தூக்கினா அது உனக்குப் பயந்து தூக்கினது. அதுல என்ன இருக்கு?"

வாதாடுகிற புத்தி சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் வழி தெரிந்ததும் ஓடியது.

"அப்ப நீங்க போனது ஃபவுல்தான். ஒத்துக்கிட்டீங்க."

"அன்னைக்கே ஒத்துக்கிட்டேனே."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"பந்து வந்துது மக்ளே. எடுத்தேன். எடுக்கயில அங்க உங்க காலெல்லாம் இருந்துது."

"அப்ப நானும் போகக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படியா சொன்னேன்?"

"ஃபவுல்னு நீங்கதானே சொல்றீங்க!"

"ஃபவுல் செஞ்சா நம்ம மணல்ல என்ன செய்வோம்? ஆட்டத்த விட்டுட்டு வீட்டுக்கா போவோம்?"

அவள் ஒரு பிடி மணலை அள்ளி வீசினாள்.

களத்தில் ஏதோ கூச்சல். டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள்.

பெனிலா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி, அணியிலேயே குள்ளமான பிள்ளையிடம் கொடுத்து, அவளைக் கோலில் நிற்க வைத்தாள். தான் நடுக்களத்துக்கு வந்தாள்.

"லூசா இவ?" டெல்பின் பாதி எழும்பிவிட்டாள். "அந்தப் பொடிசு தலைக்கு மேல போற பந்தைப் பிடிக்குமா?"

"வாய மூடு. நீ வெளிய இருக்க" என்றார் மாஸ்டர்.

எதிரணிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து உயரமாக ஒரு பந்தை அடித்தாள். பந்து மேலே ஏறியது. சாயங்காலக் கடற்காற்று அதைப் பிடித்து, பின்னால் தள்ளி, அடித்தவளின் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது.

டெல்பின் மெல்ல உட்கார்ந்தாள்.

இந்தக் காற்றில் உயரமாக எதுவும் கோலுக்குப் போகாது. பெனிலா கண்டுபிடித்துவிட்டாள். கோலில் உயரமான ஆள் நின்று யாருக்கு லாபம்? இத்தனை நாள் அதே காற்றில், அதே மணலில், பெனிலாவைக் கோலை விட்டு நகராதே என்று திட்டிக்கொண்டிருந்தது யார்?

"இது எனக்குத் தோணவே இல்லியே" என்றாள்.

"அவ சொல்லலியா?"

டெல்பின் யோசித்தாள். சொல்லியிருந்தாள். ஒருமுறை அல்ல. ஒவ்வொரு தடவையும் டெல்பின் வாதாடி ஜெயித்திருந்தாள்.

பெனிலா நடுக்களத்தில் இரண்டு பேரை ஏய்த்துவிட்டு, பந்தைத் தரையோடு தரையாக இடது ஓரத்துக்குத் தள்ளினாள். ஓடிவந்தவள் அடித்தாள். கோல். பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். கொண்டாடி முடித்து எழுந்தபோது யாரும் வள்ளங்களின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அது டெல்பினுக்குப் பெருமையாக இருந்தது. எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றும் இருந்தது. எது அதிகம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"கோல் விழுந்தாச்சு" என்றார் மாஸ்டர். "நீ உள்ள போகலாம்."

அவள் எழும்பவில்லை.

"நான் போயிட்டேன்னா இதுங்க என்னைத் திட்டும்."

"திட்டும்."

"உங்களை ஊரு மறந்து மன்னிச்சிட்டுது. நம்ம ஊர் கிளப் ரூம்ல உங்க படம்கூட மாட்டியிருக்கு. என்னை அப்படி மன்னிக்காது. பொம்பளைய மன்னிக்க இந்த ஊருக்கு ரொம்ப நாளாகும்."

"ஆகும்" என்றார். அதையும் அவர் மறுக்கவில்லை.

"மண்டபத்துல விழா வைப்பாங்க. சால்வை போடுவாங்க. கேசரி தருவாங்க. யாராவது மைக்கப் பிடிச்சு என்னைக் கிழிப்பாங்க."

"யாரு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெனிலாவைப் பார்த்தார்கள். அவள் நடுக்களத்தில் நின்று, தன் அணியில் ஒருத்தி பந்தைத் தவறவிட்டதற்காகக் கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி வைதுகொண்டிருந்தாள்.

"உன்னைவிட நல்லாப் பேசுவா" என்றார் மாஸ்டர்.

டெல்பின் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண் கலங்கியது. மணல் இன்னும் இருக்கிறதென்று சொல்லிப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் தன் தோள் துண்டை எடுத்து, எந்தப் பக்கமும் பார்க்காமல், அவள் பக்கமாக நீட்டினார். அவள் வாங்கி முகத்தைத் துடைத்தாள். வியர்வை நாற்றம். பழைய நாற்றம்தான். விலை உயர்ந்த கிளப்பால் அதை மாற்ற முடியவில்லை.

அவள் வலது கையைத் தூக்கினாள். எதற்கென்று சொல்லவில்லை. களத்தில் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. மாஸ்டர் பார்த்தார். சிப்பியைக் கீழே போட்டுவிட்டு, பந்தை வாங்கிக்கொள்கிறவரைப்போல ஒருமுறை தலையை ஆட்டினார்.

தூரத்தில் தேர் புறப்படுவதற்கு மணி அடித்தது.

"அப்ப நான் இப்ப என்ன செய்யட்டும் மாஸ்டர்?"

மாஸ்டர் கைலியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"டிக்கெட் போடயில, ஜன்னல் சீட்டாப் பார்த்துப் போடு" என்றார்.